நிறுத்திய காரில் விட்டுச் செல்லக் கூடாதவை

நோயாளிக்குத் துணையாக வருபவர் எத்தனை பொருள்களைச் சுமந்து வருகிறார் என்பதை மருத்துவமனை வாயிலில் சிறிது நேரம் நின்றாலே அறியலாம். மருந்துப் பை, ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை, பழைய மருத்துவக் கோப்பு, முன்பணம் கட்டுவதற்கான ரொக்கம், மாற்றுத்துணி, சாப்பாட்டுப் பாத்திரம், வெந்நீர் பிளாஸ்க். இவற்றோடு, நடக்க இயலாத ஒருவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டும் வர வேண்டும். ‘இப்போதைக்கு இது காரிலேயே இருக்கட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று தோன்றுவது இயல்பே. ஆனால் மருத்துவமனையில் அந்தப் ‘பிறகு’ எப்போது வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரை மணி நேரப் பரிசோதனை என்று வந்தவர் மாலைவரை இருக்க நேர்கிறது. சில வேளைகளில் அன்றே உள்நோயாளியாகச் சேரவும் நேர்கிறது.

காரில் நிகழும் திருட்டு என்றதும் நகையும் பணமும் கைப்பேசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனைக்கு வரும் காரிலோ அவற்றைக் காட்டிலும் ஈடுசெய்ய அரிதான பொருள்கள் இருக்கின்றன. உடைந்த கண்ணாடியை ஒரே நாளில் மாற்றிவிடலாம். தவறவிட்ட இன்சுலின் ஊசியையோ, தொலைந்துபோன திசுப் பரிசோதனை ஸ்லைடையோ அவ்வாறு மீட்டெடுக்க முடியாது. ஆகவே இது காவல்துறை மட்டும் பேச வேண்டிய பொருளன்று; மருத்துவர்களும் பேச வேண்டியதே.

மருத்துவமனை வளாகத்தில் கூடுதல் கவனம் ஏன்?

மனம் பதற்றத்தில் இருக்கும்போது நமது கவனம் குறுகிவிடுகிறது. நெஞ்சுவலியுடன் தந்தையை அழைத்து வரும் மகனுக்கு அவரது முகம் மட்டுமே தெரியும். காரின் பின்கதவு மூடப்பட்டதா என்பது தெரியாது. இதைக் குறையாகக் கூறவில்லை. நெருக்கடியில் மூளை செயல்படும் முறையே அத்தகையது. இதனால்தான் அந்த நேரத்து நினைவாற்றலை நம்பாமல், முன்கூட்டியே பழக்கமாக்கிக்கொண்ட சில செயல்களை நம்ப வேண்டியிருக்கிறது.

காரிலிருந்து பொருள் திருடுபவர் பெரும்பாலும் காரைத் தேர்ந்தெடுப்பதில்லை; கண்ணாடி வழியே தெரியும் பொருளையே தேர்ந்தெடுக்கிறார். காரின் முன்கண்ணாடி, இரு அடுக்குகளுக்கு இடையே மெல்லிய படலம் வைத்து ஒட்டப்பட்டது. விரிசல் விட்டாலும் எளிதில் உதிராது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலான கார்களில் வேறு வகையைச் சேர்ந்தவை. விபத்தின்போது கூரிய துண்டுகள் உடலைக் கிழிக்காதிருக்கும் பொருட்டு, உடைந்ததும் சிறு மணிகளாக உதிரும்படி அவை செய்யப்பட்டுள்ளன. உயிர் காக்கும் இந்த அமைப்பே திருடருக்கும் வசதியாகிவிடுகிறது. சில நொடிகளில் கண்ணாடியை உதிர்த்து, இருக்கையில் உள்ள பையை எடுத்துக்கொண்டு போய்விட முடியும். பைக்குள் இருப்பது பழைய துண்டும் பல்துலக்கியும் மட்டுமே என்பது அவருக்குத் தெரியாது. எனவே வெறும் பையாயினும் கண்ணில் படும்படி வைக்கலாகாது. கைப்பேசியின் சார்ஜர் கம்பி, கைப்பேசி தாங்கி, சில்லறைக் காசு ஆகியவையும் ‘உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது’ என்று அறிவிக்கும் அடையாளங்களே.

அறுவைச் சிகிச்சை நாளில் நகைகள்

அறுவைச் சிகிச்சைக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் முன்பாகத் தாலிச் சங்கிலி, தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி ஆகிய அனைத்தையும் கழற்றச் சொல்கிறோம். எம்.ஆர்.ஐ. அறையின் வலிமையான காந்தப்புலமும், அறுவை அரங்கில் பயன்படும் மின்கருவிகளும் இதற்குக் காரணங்கள். கழற்றிய நகைகள் உடனிருப்பவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து, கைப்பையில் வைத்து, வார்டில் வைத்திருக்க அஞ்சிக் காரில் கொண்டுபோய் வைக்கிறார். பாதுகாப்பு என்று எண்ணிச் செய்யும் இந்தச் செயலே மிகுந்த ஆபத்துக்குரியது. நகையைக் கழற்றுவதும், பையுடன் காருக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்புவதும் பலர் கண்ணெதிரிலேயே நடக்கின்றன.

தேதி குறிக்கப்பட்ட அறுவைச் சிகிச்சையாயின் நகைகளை வீட்டிலேயே, இயலுமாயின் வங்கிப் பெட்டகத்தில், வைத்துவிட்டு வருவதே சிறந்தது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், பொன் சங்கிலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றை அணிந்து வரலாம். ஆயினும் அதில் கோத்த பொன் உருக்களைப் பரிசோதனைக்கு முன் அகற்ற வேண்டியிருக்கலாம் என்பதைச் செவிலியரிடம் முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள். அவசர நிலையில் வந்திருந்தால், கழற்றிய நகைகளைச் செவிலியர் முன்னிலையில் எண்ணிப் பட்டியலிட்டுக் கையொப்பமிட்டுப் பெற்று, வீட்டுக்குச் செல்லும் நம்பகமான உறவினரிடம் அன்றே கொடுத்தனுப்புங்கள். முன்பணத்தையும் இயன்றவரை அட்டை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாகச் செலுத்துங்கள். ரொக்கமாகக் கொண்டுவந்தால், காரிலிருந்து இறங்கியதும் நேரே கட்டணப் பிரிவுக்குச் சென்று செலுத்தி ரசீது பெற்றுவிடுங்கள்.

மருந்துகளுக்கு இரண்டு பகைவர்கள்

காரில் வைத்த மருந்துக்குத் திருடர் ஒரு பகைவர். வெப்பம் மற்றொரு பகைவர். வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புற வெப்பநிலை முதல் பத்து நிமிடங்களிலேயே ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிட 20 டிகிரிக்கும் மேல் கூடிவிடலாம். நேரடி வெயில் படும் டேஷ்போர்டு இதைவிடவும் சூடேறும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏதும் ஏற்படுவதில்லை. திருடுபவருக்கே அது வழி செய்கிறது.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் மூடிய கார் அத்தகைய இடமன்று. வெப்பத்தால் வீரியம் இழந்த இன்சுலின் பார்வைக்கு எவ்வித மாற்றமும் இன்றி இருக்கக்கூடும். அளவு தவறாமல் போட்டுக்கொண்டும் இரத்தச் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று நோயாளியும் குழம்புவார். மருத்துவரும் குழம்ப நேரும். சர்க்கரை அளக்கும் பட்டைகளும் வெப்பத்தால் பிழையான அளவைக் காட்டலாம். ஆஸ்துமாவுக்குப் பயன்படும் அழுத்தக் குப்பி வகை இன்ஹேலர்களைக் கடும் வெப்பத்தில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அவற்றின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் தளத்தில் வலி வரும்போது அது கார் நிறுத்துமிடத்தில் இருந்து பயனில்லை.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பெறுவோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. தொலைந்தால் உரிய மருந்துச்சீட்டின்றி மீண்டும் வாங்க இயலாது. அது பிறர் கையில் சிக்கினால் அவர்கள் உயிருக்கும் ஆபத்து நேரலாம். அதனை ஒருபோதும் காரில் விடாதீர்கள்.

கோப்புகளும் திசு மாதிரிகளும்

வேறொரு மருத்துவமனையில் எடுத்த திசுப் பரிசோதனையின் ஸ்லைடுகளையும், ‘பிளாக்’ எனப்படும் மெழுகுக் கட்டிகளையும் மறு ஆய்வுக்காகச் சிலர் கொண்டுவருகின்றனர். அவற்றை விலைமதிப்பற்றவை என்றே சொல்ல வேண்டும். கட்டி முழுவதும் அகற்றப்பட்டுவிட்ட பின் அந்த மெழுகுக் கட்டியில் உள்ள திசுவே நோயைப் பற்றிய ஒரே சான்றாக இருக்கலாம். பூட்டிய காரின் சூடு அந்த மெழுகுக்கும் கேடு செய்யக்கூடும். ஒரு பையோடு சேர்த்து இவற்றையும் திருடுபவர், பயனற்றவை என்று எங்கேனும் வீசிவிடுவார். நோயாளிக்கோ மீண்டும் ஊசி ஏற்றித் திசு எடுக்கும் துன்பம் நேரலாம், அல்லது எடுக்கவே இயலாமற் போகலாம். இவற்றைக் காரில் வைக்காமல், வந்தவுடன் நோய்க்குறியியல் துறையில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தாள் ஆவணங்களுக்கு ஓரளவு மாற்று உண்டு. மருத்துவச் சுருக்கம், ஆய்வு முடிவுகள், மருந்துச்சீட்டு ஆகியவற்றை இன்றே கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் பேண வேண்டும்; நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கர் செயலியில் வைத்துக்கொண்டால், அசல் தாள்களைக் காரில் வைத்திருக்கும் தேவை எழாது.

காவலுக்கு ஆள் வைப்பது

பொருள்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று குழந்தையையோ முதியவரையோ மூடிய காரில் அமர்த்திவிட்டு வருவதைக் காண்கிறோம். மேலே கூறிய வெப்பம் அவர்களுக்கும் பொருந்தும். குழந்தைகளின் உடல் வெப்பம் பெரியவர்களைவிட மிக விரைவாக உயர்கிறது. முதியவர்களுக்கும், நீரிழிவு, இதய நோய் உடையவர்களுக்கும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர்க்கும் வெப்பத் தாக்கு எளிதில் நேரும். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடனும் இதைச் செய்யாதீர்கள். காரில் உள்ள எந்தப் பொருளும் இதற்கு ஈடாகாது.

நிறுத்தும்போது செய்ய வேண்டியவை

டிக்கியில் வைக்க வேண்டியவற்றை வீட்டிலிருந்து புறப்படும்போதே வைத்துவிடுங்கள். நிறுத்துமிடத்தில் இறங்கி டிக்கியைத் திறந்து பையை வைப்பது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இடம் காட்டுவதாகும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். ரிமோட்டை அழுத்தியதோடு நில்லாமல், கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரிமோட்டின் சமிக்ஞை தடைப்பட்டுக் கதவு பூட்டாமலே இருந்திருக்கலாம்.

அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் காரை நிறுத்தும்போது, இருவர் வந்திருந்தால் ஒருவர் நோயாளியுடன் செல்ல, மற்றவர் காரைக் கவனியுங்கள். தனியாக வந்திருந்தால் வாசலில் உள்ள பணியாளரை உதவிக்கு அழையுங்கள். நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றியதும் சாவியையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு காரைப் பூட்டிவிடுங்கள். இதற்காகச் சிகிச்சையை ஒரு நொடியும் தாமதிக்க வேண்டியதில்லை.

‘டயரில் காற்று இறங்குகிறது’, ‘எண்ணெய் ஒழுகுகிறது’, ‘உங்கள் பணம் கீழே கிடக்கிறது’ என்று முன்பின் அறியாதவர் கூறினால், காரை விட்டு இறங்குமுன் கதவுகளைப் பூட்டி, பையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கவனத்தைத் திசைதிருப்பிப் பொருளைக் கவரும் பழைய உத்தி இது.

திருட்டு நேர்ந்துவிட்டால்

முதலில் நோயாளியைக் கவனியுங்கள். களவுபோன பையில் இன்சுலின், வலிப்பு மருந்து, இதய மருந்து போன்றவை இருந்தால் உடனே வார்டு செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவியுங்கள். அடுத்த வேளை மருந்துக்கு மாற்று ஏற்பாடு செய்ய இயலும். முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில மணி நேரங்களிலேயே உடல்நிலை ஆபத்தான கட்டத்தை நோக்கிச் செல்லக்கூடும். காவல் நிலைய நடைமுறைகள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து மருத்துவமனைப் பாதுகாப்பு அலுவலருக்கும், 112 என்ற எண்ணில் காவல்துறைக்கும் தகவல் தாருங்கள். காரை நகர்த்தாமலும் உட்புறத்தைத் தொடாமலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாக்குமாறு பாதுகாப்பு அலுவலரிடம் அன்றே எழுத்து மூலம் கேளுங்கள். புகார் கொடுத்ததற்கான ரசீதையும், முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பெறுங்கள். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. வங்கி அட்டைகளை உடனே முடக்குங்கள். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். கைப்பேசியை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியாக முடக்கலாம், அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண் தேவைப்படும் என்பதால் அதை முன்பே குறித்து வைத்திருங்கள்.

முழுமையான வாகனக் காப்பீடு உடைந்த கண்ணாடிக்கு உதவக்கூடும். காருக்குள் இருந்த சொந்தப் பொருள்களுக்கு, அதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தாலன்றி, பொதுவாக ஈடு கிடைப்பதில்லை. பலர் இதை இழப்புக்குப் பின்னரே அறிகின்றனர்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படுமுன் ஒரே ஒரு பையைத் தனியே எடுத்து வையுங்கள். அன்றைய மருந்துகள், மருத்துவக் கோப்பு, பணம், கைப்பேசி ஆகியவை மட்டும் அதில் இருக்கட்டும். அந்தப் பை யாருடைய பொறுப்பு என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். நோயாளி எங்குச் சென்றாலும் அந்தப் பையும் உடன் செல்லட்டும். மற்றவை வீட்டில் இருக்கட்டும்.

— கட்டுரையாளர் நமது மருத்துவமனையின் நீரிழிவு மற்றும் நாளமில்லாச் சுரப்பி நோய்ச் சிறப்பு மருத்துவர்