பிழையைத் திருத்தினால் ஸ்கிரிப்ட் உடையும்: பைத்தான் என்ன செய்தது?

2011 டிசம்பர் கடைசியில் பெர்லினில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே என்ற இருவர் ஓர் ஓட்டையை விளக்கினார்கள். பிஎச்பி, ஜாவா, ரூபி, பைத்தான் எல்லாவற்றிலும் அது இருந்தது.

இந்த மொழிகள் ஒரு பெயரைக் கணக்குப் போட்டு எண்ணாக்கி, அந்த எண்ணுக்குரிய அறையில் அதன் மதிப்பைப் போட்டுவைக்கும். இதுதான் ஹாஷ் டேபிள். அந்தக் கணக்கு மாறாதது, எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே எண்ணைத் தரும் பல்லாயிரம் பெயர்களைத் தயாரித்து ஒரு வலைப் படிவமாக அனுப்பினால் போதும். புதிதாக வரும் ஒவ்வொரு பெயரையும் ஏற்கெனவே உள்ள எல்லாவற்றோடும் ஒப்பிட்டே சர்வர் திணறிவிடும்.

மருந்து எளிது. நிரல் தொடங்கும்போதெல்லாம் கணக்கில் ஒரு ரகசிய எண்ணைக் கலந்துவிட்டால், தாக்குபவரால் ஊகிக்க முடியாது. ஆனால் கணக்கு மாறினால், பைத்தானின் ஹாஷ் டேபிளான டிக்‌ஷனரியில் உறுப்புகள் வரும் வரிசையும் மாறும். வரிசையை நம்பாதீர்கள் என்று பைத்தான் ஆவணம் எச்சரித்தே வந்தது. எச்சரித்து என்ன பயன்? பைத்தான் 2.7-இல் ஒரே ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே வரிசைதான் வந்தது. பெயர், வயது என்ற இரண்டு உறுப்புகளுள்ள டிக்‌ஷனரியை அச்சிட்டு, வந்ததை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டாக்டெஸ்ட் என்ற சோதனைகள் பெருகின. வயது முன்னால் வந்துவிட்டால் அந்தச் சோதனை தோற்கும். நிரலில் ஒரு தவறும் இருக்காது.

2012 ஏப்ரலில் வந்த 2.7.3, 3.2.3 பதிப்புகளில் பைத்தான் குழு திருத்தத்தைச் சேர்த்தது, ஆனால் அணைத்தே வைத்தது. வேண்டுபவர் 'ஆர்' சுவிட்சைப் போட்டு இயக்கிக்கொள்ளலாம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 3.3-இல் அது தானாகவே இயங்கியது. அங்கும், ரகசிய எண்ணுக்கு மூலமான ஹாஷ் விதையை 0 என்று வைத்தால் வரிசை மாறாமல் நிற்கும்.

இதற்கு விலை உண்டு. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காதவர்களின் சர்வர்கள் பாதுகாப்பின்றியே கிடந்தன. இருந்தும் அந்த முடிவு சரி என்றே சொல்வேன். 2.7.3 போன்ற சின்னப் பதிப்பை நிர்வாகிகள் யோசிக்காமல் ஏற்றுவார்கள். அதனால் சம்பளப் பட்டியல் ஸ்கிரிப்ட் ஒருமுறை உடைந்தால், அடுத்த பாதுகாப்புத் திருத்தத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள்.

பிஎச்பி வேறு வழியில் போனது. 2012 ஜனவரியில் 5.3.9 பதிப்பு, படிவத்துக்கு 1000 உள்ளீடுகள் என்று வரம்பு வைத்தது. அதைத் தாண்டிய பெரிய படிவங்கள் வெட்டுப்பட்டன. அதைவிட மோசம், அந்த வரம்புக்காக எழுதிய குறியீட்டிலேயே, வெளியாள் தன் நிரலை சர்வரில் ஓட்டக்கூடிய ஓட்டை விழுந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் அவசரமாக 5.3.10 வந்தது.

2018-இல் வந்த பைத்தான் 3.7 முதல், டிக்‌ஷனரி உறுப்புகளைச் சேர்த்த வரிசையிலேயே தரும் என்று மொழியே உறுதி தருகிறது. ஹாஷ் டேபிளிலேயே இயங்கும் செட்டுக்கு அந்த உறுதி கிடையாது. இன்று தேறி நாளை தோற்கும் சோதனை உங்களிடம் இருந்தால், சொற்கள் நிறைந்த ஒரு செட்டை அப்படியே அச்சிடும் வரி எங்கே என்று முதலில் தேடுங்கள். அதை வரிசைப்படுத்திவிட்டு அச்சிடுங்கள்.