பிழை சொல்வோரின் விலாசம்

ஒரு மென்பொருளில் குறை கண்டவர், அதைச் சபித்துவிட்டு வேறொன்றைத் தேடிப் போய்விடாமல், எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்ன நேர்ந்தது என்பதைப் பொறுமையாக எழுதித் தெரிவிப்பாராயின், அவர் முகமறியாத பலருக்கு உபகாரம் செய்தவராகிறார்; அத்தகையவரின் அந்தரங்கத்தைக் காப்பது அம்மென்பொருளை ஆக்கியோரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பிழையறிக்கை ஒரே கடிதத்தில் முற்றுப்பெறுவது அபூர்வம். எந்தப் பதிப்பு, மறுபடியும் அவ்வாறே நேர்கிறதா என்றெல்லாம் நிரலாளர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கேள்வி போய்ச் சேர இடமில்லையெனில், மெய்யான பிழையும் நிரூபணமாகாமலே மூடப்பட்டுவிடும். ஆகையால் பொய் மின்னஞ்சல் விலாசம் கொடுப்பது பரிகாரமாகாது. நிரலாளருக்கு எட்டும் விலாசம் ஊருக்கெல்லாம் தெரியாதிருக்க வழியுண்டா என்பதே கேள்வி.

1994-இல் இயான் ஜாக்சன் தொடங்கிவைத்த, டெபியன் என்னும் இயங்குதளத்தின் பிழைப்பதிவு முறையில் அறிக்கை அனுப்புவதே மின்னஞ்சல் மூலமாகத்தான். அனுப்பியவரின் பெயரும் விலாசமும் அறிக்கையோடு சேர்ந்து, எவரும் படிக்கத்தக்க நிரந்தர ஆவணமாகிவிடுகின்றன. 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டெர்ரி வைஸ்மன் உருவாக்கிய பக்ஸில்லா என்னும் பிழைப்பதிவு மென்பொருளிலோ விலாசமே நுழைவுப் பெயராக இருந்தது. கணக்கில் நுழையாதவர்களுக்கு அட் (@) குறிக்குப் பின்னுள்ள பகுதியைப் பிற்காலத்தில் மறைத்தார்களெனினும், கணக்குள்ளோர் கண்ணுக்கு முழுவதும் தென்படவே செய்தது. இணையத்தை ஓயாமல் துழாவி விலாசங்களைத் திரட்டும் நிரல்களுக்கு இத்தகைய பதிவுகள் பெரு விளைச்சலாகும்.

நம்பிக்கைக்குரிய இடத்திலும் கவனப்பிசகு நேரக்கூடும். 2014 மே மாதம் தொடங்கி ஏறத்தாழ 3 மாத காலம், பக்ஸில்லாவின் சோதனைச் சேவையகத்தை இடம் மாற்றியபோது, சுமார் 97,000 பேரின் விலாசங்களும் மறையாக்கம் செய்த கடவுச்சொற்களும் அடங்கிய கோப்புகள் பொதுவெளியில் கிடந்துவிட்டன என்று பக்ஸில்லாவைப் பராமரிக்கும் மொஸில்லா தானே அறிவித்தது. பிழை தெரிவிப்பதற்கென்று தனி விலாசமும், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. ஜிமெயிலில் பெயரை அடுத்துக் கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால் அஞ்சல் அதே பெட்டிக்கு வரும், எங்கிருந்து கசிந்தது என்பதும் விளங்கும். ஆயினும் அச்சொல்லை எவரும் நீக்கி மூல விலாசத்தை அறியலாம். 2020-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் ரிலே போன்ற சேவைகள் தரும், அஞ்சலை நம் பெட்டிக்குத் திருப்பிவிடும் இடைவிலாசங்கள் அதைவிடப் பத்திரமானவை. தொல்லை மிகுந்தால் அவற்றை அடைத்துவிடலாம். ஆனால் அவ்வழியே பதில் எழுதவும் வசதியுண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தவர் கோட்டைவிடுவது பெரும்பாலும் இணைப்புக் கோப்பில்தான். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவி உருவாக்கும் திருத்தக் கோப்பின் தலைப்பில், இரண்டாவது வரியிலேயே, எழுதியவரின் பெயரும் விலாசமும் முழுதாக நிற்கும். அத்திருத்தம் ஏற்கப்பட்டபின் நிரல் களஞ்சியத்தைப் பிரதியெடுக்கும் ஒவ்வொருவரின் கணினிக்கும் அவ்விலாசம் போய்விடுவதால், திரும்பப் பெறுவதற்கு வழியே இல்லை. அஞ்சல் செயலிகளின் பதிவுக் கோப்புகளிலோ நம் விலாசத்தோடு நண்பர்களின் விலாசங்களும் கலந்திருக்கும். எனவே அனுப்புமுன் கோப்பை எளிய எழுத்துப் பதிப்பானில் திறந்து, அட் குறியைத் தேடி, பழுதுக்குச் சம்பந்தமில்லாத விலாசங்களை அகற்றிவிட்டு, அகற்றிய செய்தியை அறிக்கையில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால், படிக்கும் நிரலாளரும் குழம்பமாட்டார்.