பாட்டும் ஏடும் – 9: நாவலுக்குப் போன விருது

1980-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கண்ணதாசனுக்குக் கிடைத்தது. விருது பெற்ற நூல் ‘சேரமான் காதலி’ என்ற சரித்திர நாவல். கண்ணதாசன் என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் அந்த நாவல் முதலில் நினைவுக்கு வராது. 1949-இல் வந்த ‘கன்னியின் காதலி’ முதல் 1981-இல் இறக்கும் வரை அவர் எழுதிய திரைப்பாடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எழுத்தறியாதவர்களும் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அகாதெமியின் பட்டியலில் அவற்றுக்கு இடம் இல்லை.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததும் அல்ல. பாடல்களுக்காகத் தேசியத் திரைப்பட விருதை ஏழு முறை பெற்ற வைரமுத்துவுக்கு 2003-இல் அகாதெமி விருது வந்தது ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலுக்காக. இந்திப் படப்பாடல்களால் நாடறிந்த குல்சாருக்கு 2002-இல் உருதுச் சிறுகதைத் தொகுப்புக்காக. இதை சினிமாவின் மேல் உள்ள இளப்பம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. கவிதையே வாழ்வாக இருந்த பாரதிதாசனுக்கும், அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1969-ஆம் ஆண்டு விருது ‘பிசிராந்தையார்’ என்ற நாடகத்துக்குத்தான் போயிற்று.

காரணத்தில் பாதி விதிமுறையில் இருக்கிறது. அகாதெமி விருது ஆளுக்கு அல்ல, நூலுக்கு. அதுவும் சமீப ஆண்டுகளில் முதன்முதலாக வெளிவந்த நூலுக்கு. திரைப்பாடல் முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறக்கிறது, பிறகு இசைத்தட்டுக்கும் திரைக்கும் வானொலிக்கும் போகிறது. புத்தகமாக வரும்போது அதற்கு இருபது முப்பது வயது ஆகியிருக்கும். மறுபாதி மனப்பாங்கு. 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் பாடலாசிரியருக்கென ஒரு பரிசு உண்டாக்கப்பட்டது. ‘குழந்தைக்காக’ படப் பாடலுக்காக அதை முதலில் பெற்றவரும் கண்ணதாசனே. பாட்டு சினிமாவைச் சேர்ந்தது, நூல் இலக்கியத்தைச் சேர்ந்தது என்று பாகம் பிரித்தாயிற்று. ஒரே மனிதர் இரண்டு பக்கமும் பரிசு வாங்கியது யாருக்கும் உறுத்தவில்லை.

நோபல் பரிசுக்கு இந்த விதிச்சிக்கல் இல்லை. அது பெரும்பாலும் ஒருவரின் மொத்தப் படைப்பையும் பார்த்துத் தரப்படுகிறது. 2016-இல் ஸ்வீடிஷ் அகாடமி பாப் டிலனுக்கு இலக்கியப் பரிசை அறிவித்தபோது, அமெரிக்கப் பாட்டு மரபுக்குள் புதிய கவிதை வெளிப்பாடுகளை உருவாக்கினார் என்பதைக் காரணமாகச் சொன்னது. நாவலாசிரியர்கள் சிலர் கொதித்தார்கள், சிலர் வரவேற்றார்கள். டிலன் பல நாள் வாய் திறக்கவில்லை, விழாவுக்கும் போகவில்லை. 2017-இல் அளித்த நோபல் உரையில் அவரே, பாடல்கள் இலக்கியத்திலிருந்து வேறுபட்டவை, படிப்பதற்கல்ல, பாடுவதற்கு எழுதப்பட்டவை என்று சொல்லி வைத்தார். பரிசை எதிர்த்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

பாட்டு எழுதியவருக்கு நோபல் கிடைத்தது அதுவே முதல் முறை என்று அப்போது பலர் எழுதினார்கள். அது சரியல்ல. 1913-இல் பரிசு பெற்ற ரவீந்திரநாத் தாகூர் மெட்டமைத்து எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கு மேல். ‘கீதாஞ்சலி’யில் இருந்தவற்றுள் பல வங்காளத்தில் பாடப்பட்டவை. ஆனால் ஸ்டாக்ஹோமில் வாசிக்கப்பட்டது அவருடைய ஆங்கில உரைநடை வடிவம். அதில் மெட்டும் இல்லை, யாப்பும் இல்லை. இசையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் இலக்கியம், இசையோடு கொடுத்தால் சர்ச்சை என்பதுதான் இந்த இரண்டு பரிசுகளுக்கும் இடையில் உள்ள 103 ஆண்டுகளின் கதை.

பழந்தமிழ் இந்தக் கழற்றலைக் கேட்கவில்லை. எட்டுத்தொகையில் ஒன்றான பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. முழுதாகக் கிடைத்தவை 22. அவற்றில் பெரும்பாலானவற்றின் கீழே பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. படத்தின் டைட்டிலில் பாடல், இசை என்று போடுகிறார்களே, அதே பிரிவினை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் மாதவியின் ஆட்டத்துக்குத் துணை நின்றவர்களாக ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் ஆகியோரோடு பாட்டு இயற்றும் புலவனையும் வரிசையில் வைத்து இலக்கணம் சொல்கிறது. குழுவில் ஒருவனாக இருப்பதால் புலவன் புலவன் அல்லாமல் போய்விடவில்லை.

மெட்டுக்கு எழுதுவது கவிதையா என்ற கேள்விதான் திரைப்பாடலுக்கு எதிராக அதிகம் எழுப்பப்படுவது. இயக்குநர் கதைச் சூழலைச் சொல்கிறார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போட்டுத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுகிறார். பாடலாசிரியர் அதற்குள் சொற்களை இறக்குகிறார். எம்.எஸ். விசுவநாதனுக்குக் கண்ணதாசன் சொல்லச் சொல்ல உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். இதில் இழுக்கு எதுவும் இல்லை. அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்புகளைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘தத்தன தானன’ என்று சந்தக் குழிப்பு அச்சாகியிருக்கும். அளவு முன்பே விதிக்கப்பட்டது என்பதற்காக அவரை யாரும் கவிஞர் வரிசையிலிருந்து நீக்கவில்லை.

மெட்டு விதிக்கும் கட்டுப்பாடு வெண்பாவின் கட்டுப்பாட்டைவிடக் குறைந்ததும் அல்ல. குறில் எங்கே, நெடில் எங்கே என்பதோடு பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதையும் அது தீர்மானித்துவிடுகிறது. சுரம் நீளும் இடத்தில் ஆகாரமோ ஓகாரமோ வேண்டும். அங்கே ஒரு வல்லின மெய் வந்து விழுந்தால் குரல் அறுபடும். இதைவிடக் கடினம் பல்லவியின் வேலை. ஒவ்வொரு சரணமும் தன் கடைசி அடியில் பல்லவியின் முதல் சொல்லைப் பொருளாலும் இலக்கணத்தாலும் தொட்டாக வேண்டும். சாதாரணப் பாடலாசிரியர் கையில் பல்லவி வெறுமனே திரும்பி வருகிறது. தேர்ந்தவர் கையில் அதே சொற்கள் இரண்டாம் முறை வேறு பொருள் கொள்கின்றன.

‘பாத காணிக்கை’ (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய நிலையாமைப் பாட்டு இதற்கு நல்ல சான்று. அதன் மூலம் பட்டினத்தார் பாடல் என்பது தமிழறிந்தவர்களுக்குத் தெரியும். செல்வம் வீட்டோடு, பெண்டிர் தெருவோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு நின்றுவிடுவார்கள் என்று அடுக்கும் பட்டினத்தார், கூட வருவது செய்த புண்ணிய பாவமே என்று விடை கூறி முடிக்கிறார். கண்ணதாசன் அடுக்கை எடுத்துக்கொண்டு விடையை விட்டுவிட்டார். கடைசி வரை துணை யார் என்பது அவர் பாட்டில் கேள்வியாகவே நிற்கிறது. பல்லவி திரும்பும்போதெல்லாம் அந்தக் கேள்வி மறுபடி எழுகிறது. எத்தனை முறை கேட்டாலும் பதில் வருவதில்லை. பட்டினத்தார் பாட்டு துறவி சொன்ன தீர்ப்பு. திரைப்பாட்டு அந்தத் தீர்ப்பில் உறுதி கொள்ள முடியாத இருபதாம் நூற்றாண்டு மனிதனுடைய தவிப்பு. எளிமைப்படுத்தினார், எடுத்தாண்டார் என்று இதைச் சுருக்குவது வாசிப்பின் சோம்பல்.

அச்சில் அதே வரிகள் மெலிந்து தெரிவது உண்மைதான். அதைப் பாட்டின் குறையாகக் கொள்வதற்கு முன், நாடகத்தை வாசித்துவிட்டு மேடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதை யோசிக்க வேண்டும். 1959-இல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் ஏட்டிலும் நன்றாகத் தாங்குகின்றன. பாத்திரத்தின் வாயால் சொன்னாலும் அவர் பேசுவது உழைப்பவர்களின் பொதுக்குரல் என்பதால், கதை தெரியாமலே அவை புரியும். கண்ணதாசனின் சிறந்த பாட்டுகளில் பல அப்படி இல்லை. அவற்றுக்குப் பாத்திரமும் கட்டமும் வேண்டும், குரலும் வேண்டும்.

இன்னொரு தடையை ஒதுக்க முடியாது: அளவு. வாரத்துக்குப் பல பாட்டு எழுதியவரின் கையில் நிலவும் மலரும் தென்றலும் தேய்ந்து போயின. கதாநாயகனின் புகழுக்காகவும், படத்தை விற்பதற்காகவும் எழுதப்பட்டவை ஏராளம். அவருடைய ஆயிரக்கணக்கான பாடல்களில் இலக்கியம் என்று வாதாடத் தகுந்தவை இருநூறு தேறலாம். இந்த விகிதம் கேவலமானது அல்ல. தனிப்பாடல் திரட்டைப் புரட்டுகிறவர்களுக்கும் இதே அனுபவம்தான். ஆனால் மொத்தத்தையும் தூக்கி வைத்துக் கொண்டாடும் ரசிகர்கள், அந்த இருநூறுக்கும் கெடுதலே செய்கிறார்கள்.

தேர்ந்தெடுப்பதற்கு முதலில் பாடம் நிலைப்பட வேண்டும். அந்தக் காலத்துப் படங்களில் நான்கைந்து பாடலாசிரியர்களின் பெயர்கள் டைட்டிலில் சேர்ந்தே வரும், எந்தப் பாட்டு எவருடையது என்ற குறிப்பு இராது. மருதகாசியின் பாட்டு கண்ணதாசன் பெயரில் உலவுவது இதனால்தான். கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் அச்சுப்பிழைகள் மலிந்திருக்கும். இசைத்தட்டில் உள்ள சரணம் படத்தில் இல்லாமல் போவதும் உண்டு. கண்ணதாசனின் திரைப்பாடல்கள் பல தொகுதிகளாக விற்பனையில் இருக்கின்றன. அவை வாசகருக்குப் பயன்படுகின்றன, ஆய்வுக்குப் போதா. இசைத்தட்டையும் படத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பாடபேதம் காட்டி, படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடகர், காட்சி ஆகியவற்றைப் பரிபாடல் ஏடெழுதியவர்கள் செய்ததுபோல ஒவ்வொரு பாட்டின் கீழும் குறிக்கும் பதிப்பு தேவை. சங்க இலக்கியத்துக்கு உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடினார். திரைப்பாடலுக்குத் தேட வேண்டியவை இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களின் அலமாரிகளிலும் பழைய பட நிறுவனங்களின் கோப்புகளிலும் இருக்கின்றன. இசைத்தட்டும் காகிதமும் நாளாக நாளாகக் கெடுகின்றன.

(தொடரும்)