புத்தாண்டுத் தீர்மானமும் இல்லத்துத் திருநாளும்

டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்ற ஆண்டுக்கு நன்றி கூறி, புத்தாண்டுத் திருப்பலியிலும் பங்குகொண்டு வீடு திரும்பும் நம்மில் பலர், நெஞ்சில் ஒரு தீர்மானத்தோடு திரும்புகிறோம். புகைப்பதை விட்டொழிப்பேன் என்பார் ஒருவர். நாள்தோறும் குடும்பமாகச் செபமாலை சொல்வோம் என்பார் வேறொருவர். வைகறையில் எழுந்து யோகாசனம் பழகுவேன் என்பார் இன்னொருவர். பொங்கல் வருவதற்குள் இவற்றுட் பாதி மறைந்துவிடும். தவக்காலம் தொடங்குமுன் மீதியும் மறைந்துவிடும்.

ஆனால் அதே வீட்டில், எவரும் தீர்மானம் எடுக்காமலே, ஆண்டு தவறாமல் குடில் எழுகிறது. வாசலில் விண்மீன் விளக்குத் தொங்குகிறது. அடுப்பில் பலகாரம் வேகிறது. ஒன்று மாய்வதும் மற்றொன்று நிலைப்பதும் ஏன்? இக்கேள்விக்குரிய விடையை என் இல்லத்திலேயே நான் கற்றேன். மனம் நோகக் கற்ற பாடம் அது. ஆதலால் வாசக நேயர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மருத்துவரின் அறிவுரை

பள்ளி ஆசிரியையாகிய எனக்கு 42ஆம் வயதில் இரத்த அழுத்தம் மிகுந்தது. மேல் அளவு 150, கீழ் அளவு 96 என்று மருத்துவர் கண்டார். மாத்திரை தந்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார், உடற்பயிற்சியும் மன அமைதியும் இன்றியமையாதவை என்றார். என் தந்தையார் இதே நோய் முற்றிப் பக்கவாதத்தில் ஆறாண்டு படுக்கையில் கிடந்தவர். அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிய கை என் கை. எனவே அச்சத்தோடுதான் அந்தப் புத்தாண்டு நாளில் தீர்மானம் செய்தேன்: காலை 5 மணிக்கு எழுந்து அரைமணி நேரம் யோகாசனம்.

முதலாண்டு அது 19 நாள் நீடித்தது. இரண்டாம் ஆண்டு சாம்பல் புதன் வரை தாக்குப்பிடித்தது. பிறகு தேர்வு விடைத்தாள்கள் குறுக்கே வந்தன. மூன்றாம் ஆண்டில் வெற்றி கண்டேன். முன்னறையின் கிழக்கு மூலையில் பாய் விரித்து, தாடாசனம், புஜங்காசனம், மகராசனம், இறுதியில் சவாசனம் என்று ஒழுங்காகச் செய்தேன். முடித்ததும் நாட்காட்டியில் சிவப்பு மையால் ஒரு குறி இடுவேன். நவம்பர்த் திங்கள் முடியும்வரை ஒரு குறியும் விடுபடவில்லை. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்து அழுத்தத்தைத் தணித்தன. மருத்துவர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி எந்நாளில் செருக்காக மாறிற்று என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

திருச்சபையின் வழிகாட்டுதல்

“கத்தோலிக்கர் யோகாசனம் பழகலாமா?” என்று எங்கள் பங்கில் சிலர் என்னைக் கேட்டதுண்டு. கேட்கத்தக்க கேள்விதான். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ழான் மரி தெஷானே என்பவர், யோகப் பயிற்சி கிறிஸ்தவச் செபத்திற்கு எவ்வாறு துணைபுரியும் என்று 1956ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். நம் நாட்டிலோ, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950ஆம் ஆண்டு அருட்தந்தை மோன்சனேனும், அபிசிக்தானந்தர் என்று பின்னர் அறியப்பட்ட துறவி ஆன்ரி லெ சோவும் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினர். 1968ஆம் ஆண்டு முதல் பீட் கிரிபித்ஸ் அடிகளார் அங்கு வாழ்ந்து அதை வழிநடத்தினார்.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், அன்று கர்தினாலாக இருந்த ராட்சிங்கர் அவர்களின் கையொப்பத்துடன், கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. பிற சமயங்களின் தியான முறைகளிற் பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்றும், கிறிஸ்தவச் செபத்தின் இயல்பு அதனால் மறைக்கப்படலாகாது என்றும் அம்மடல் கூறுகிறது. உடற்பயிற்சி தரும் இதமான உணர்வுகளைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று மயங்கிவிடக் கூடாது எனவும் அது எச்சரிக்கிறது. அந்த மயக்கம் எவ்வளவு எளிதில் வரும் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

அந்த மார்கழிக் காலை

நாஞ்சில் நாட்டு இல்லங்களில் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திரிக்கொத்து இல்லாமல் இராது. சிறுபயற்றை வறுத்து உடைத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகில் பிசைந்து உருட்டுவார்கள். உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசி மாவில் தோய்த்து எண்ணெயில் இடுவார்கள். சூட்சுமமெல்லாம் பாகில்தான் உள்ளது. பாகு இளகினால் உருண்டை எண்ணெயில் உதிரும். முற்றினாலோ கல்லாகும். எங்கள் வீட்டில் அந்தப் பதம் அறிந்தவர் என் மாமியார் ஒருவரே. அவருக்கு அப்போது வயது 79.

அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்து வீட்டில் 11 பேர். காலையில் பாயுடன் முன்னறைக்கு வந்தேன். கிழக்கு மூலையில் வைக்கோல் பரப்பியிருந்தது. என் கணவர் பிறக்குமுன்பே குடில் அமைக்கப்பட்ட மூலை அது. பத்து நாள் முன்னதாகத் தட்டில் விதைத்து, நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்த கேழ்வரகு முளைகளைப் புல்வெளியாக அடுக்கிக்கொண்டிருந்தாள் ஒன்பது வயதான என் இளைய மகள். எனக்காக விடியுமுன் எழுந்திருக்கிறாள். நான் வியக்க வேண்டும் என்று.

“இதை எடு. என் இடம் இது. நாளைக்கு வைத்துக்கொள்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. குழந்தை ஒன்றும் பேசாமல் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றாள்.

கதவைச் சாத்திப் பயிற்சி தொடங்கினேன். அடுக்களையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது: “மக்களே, பாகு ஆயிட்டு. வந்து பதம் பாரு.”

“இதோ வாறேன், மாமி” என்றேன். போகவில்லை. சவாசனம் முடித்து, நாட்காட்டியில் சிவப்புக் குறியும் இட்டுவிட்டுச் சென்றபோது, அவர் தனியே மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். “ஆயிட்டு மக்களே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார்.

அடுத்த அக்டோபர்த் திங்களில், செபமாலை மாதத்தில், மாமி இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டுத் திருநாளுக்கு நான் செய்த முந்திரிக்கொத்து எண்ணெயில் உதிர்ந்து போயிற்று.

முதற்படியும் மூன்றாம் படியும்

பின்னொரு நாள் யோக நூல் ஒன்றைப் புரட்டியபோது, நான் அறிந்தும் எண்ணிப் பாராத ஒன்று கண்ணில் பட்டது. பதஞ்சலி முனிவர் யோகத்திற்கு எட்டு உறுப்புகள் வகுத்தார். நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அந்த எட்டையும் விளக்குகிறார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. நாம் யோகம் என்று சொல்லிப் பாயில் செய்யும் ஆதனம் மூன்றாவது இடத்திலேயே உள்ளது. முதலாவது இயமம். பதஞ்சலி இயமத்தில் முதலில் வைப்பது கொல்லாமை. அதாவது, எவ்வுயிரையும் நோகச் செய்யாமை. அடுத்து வைப்பது வாய்மை.

அன்று காலை நான் என்ன செய்தேன்? குழந்தையின் மனத்தை நோகச் செய்தேன். வருகிறேன் என்று சொல்லி வராதிருந்தேன். மூன்றாம் படியைக் காப்பதற்காக முதற்படியை இடித்தேன். யோக நூலின் கணக்கிலேகூட அன்று நான் இட்ட சிவப்புக் குறி பொய்க்குறிதான். இயேசு பாலனுக்கு இடம் இல்லை என்று சொன்ன சத்திரத்தை ஆண்டுதோறும் குறை கூறும் நான், அவர் குடிலுக்கு என் வீட்டு மூலையை மறுத்தேன்.

வழக்கம் ஏன் நிலைக்கிறது?

1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் கிரேச்சோ சிற்றூரில் அசிசி நகர் புனித பிரான்சிஸ்கு கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அதே ஊருக்குச் சென்று, இல்லந்தோறும் குடில் அமைக்கும் மரபை ஊக்குவித்து ஒரு திருத்தூது மடல் வெளியிட்டார். எண்ணூறு ஆண்டுகளாக இம்மரபு நிலைப்பதற்குக் காரணம் ஒரு தனி மனிதரின் மனவுறுதியா? இல்லை. அதற்கு ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு, சிறுவருக்கும் முதியவருக்கும் அதில் ஒரு வேலை உண்டு. ஒருவர் சோர்ந்தால் மற்றொருவர் தாங்குகிறார். ஓராண்டு அச்சுமுறுக்குச் சுடாவிட்டால் திருநாள் நின்றுபோவதில்லை. அடுத்த ஆண்டு சுடுகிறோம்.

நமது தீர்மானமோ தனித்து நிற்கிறது. ஒரு நாள் தவறினால், “போயிற்று, இனி அடுத்த ஆண்டு” என்று கைவிடுகிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. ஒரு புதிய செயல் பழக்கமாக வேரூன்ற, நடுத்தர அளவாக 66 நாள் ஆயிற்றாம். சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் தேவை என்றும் அவர்கள் கணித்தனர். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் வேரூன்றுவதைப் பெரிதும் கெடுக்கவில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. சனவரி முதல் நாள் தொடங்கினால் 66ஆம் நாள் மார்ச் முதல் வாரத்தில் வரும். பொங்கலோடு சோர்ந்துவிடும் நாம், விதை முளைக்குமுன்பே வயலை விட்டு வெளியேறுகிறோம்.

நாங்கள் கண்ட வழி

இப்போது எங்கள் வீட்டில் தீர்மானமும் ஒரு குடும்ப வழக்கமாகிவிட்டது. டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஒவ்வொருவரும் தம் தீர்மானத்தை ஒரு தாளில் எழுதிக் குடிலின் வைக்கோலுக்கடியில் வைக்கிறோம். மூன்று அரசர் திருநாளன்று குடிலைப் பிரிக்கும்போது அதை எடுத்து வாசிக்கிறோம். ஒருவர் தீர்மானத்திற்கு மற்றவர் எவ்வகையில் துணைசெய்வது என்று பேசிக்கொள்கிறோம். கணவர் காலைத் தேநீரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டது அப்படித்தான்.

பாய் பின்திண்ணைக்குச் சென்றுவிட்டது. டிசம்பர் 20 முதல் சனவரி 6 வரை பயிற்சி 10 நிமிடம் மட்டுமே. மூன்று ஆசனம், நிதானமான மூச்சு, சிறிது நேரம் மௌனம், அதன்பின் காலைச் செபம். எவராவது அழைத்தால் எழுந்துவிடுவேன். அன்றைக்கு அதுவே என் இயமம்.

இரத்த அழுத்தம் உள்ள நேயர்களுக்குச் சில சொற்கள். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் மூச்சை அடக்கும் பயிற்சியையும் தவிர்ப்பது நலம். திருநாள் விருந்து உண்ட வயிற்றோடு பயிற்சி வேண்டா. வெறும் வயிறே தக்கது. சென்னையில் நெடுங்காலம் யோகம் கற்பித்து 1989ஆம் ஆண்டு மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை ஆளுக்கேற்ப அமைக்க வேண்டும் என்பதைத் தம் முறையாகக் கொண்டிருந்தார். உங்கள் வயதுக்கும் உடலுக்கும் ஏற்றதை நல்லாசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

அன்று தட்டுகளை எடுத்துச் சென்ற மகளுக்கு இப்போது வயது 13. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமியிடம் கேட்க இயலவில்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றும்போது கேட்கிறேன். சென்ற ஆண்டு நானும் மகளும் பாகு காய்ச்சினோம். நீரில் இட்ட துளி கரையாமல் உருண்டு நின்றது. “இப்ப சரியாம்மா?” என்று கேட்டாள். உருண்டைகளில் நான்கைந்து உதிர்ந்தன, மற்றவை நின்றன.

அன்புக்குரியவர்களே, திருக்குடும்பத் திருநாள் கிறிஸ்து பிறப்புக்கும் புத்தாண்டுக்கும் இடையே வருகிறது. நாசரேத்து இல்லத்தில் நம் ஆண்டவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து, அன்றாட வேலை செய்து வாழ்ந்தார். இவ்வாண்டு நீங்கள் எத்தீர்மானம் எடுத்தாலும் அதை உங்கள் இல்லத்தாரிடம் சொல்லி, அவர்களையும் அதில் பங்காளிகளாக்குங்கள். தவறிய நாளை எண்ணி வருந்தி நிற்காமல், மறுநாள் மீண்டும் பாயை விரியுங்கள். அடுக்களையிலிருந்து முதியவர் ஒருவர் அழைத்தால், பாயைச் சுருட்டிவிட்டு உடனே செல்லுங்கள்.