ஊலாங்: காயத்தில் பிறக்கும் மணம்

கறுப்புத் தேயிலையில் இலை முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பச்சைத் தேயிலையில் அதைத் தொடக்கத்திலேயே சூடேற்றி நிறுத்திவிடுகிறார்கள். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் பேர்பெற்ற ஊலாங் தேயிலை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. வாடவைத்த இலைகளை மூங்கில் தட்டிலோ உருளையிலோ குலுக்குவதும் ஆறவிடுவதுமாக மணிக்கணக்கில் பக்குவம் பார்க்கிறார்கள். விளிம்பில் செல்கள் நசுங்கி, நொதியின் வினையால் சிவக்கின்றன. நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறது. அடிபட்டும் உயிர் போகாத அந்த இலை நெரோலிடால், இண்டோல் போன்ற மணப்பொருள்களைச் சுரக்கிறது. பிறகு சூட்டில் வதக்கி நொதியை அடக்கி, உருட்டி, உலர்த்துகிறார்கள். ஆகவே ஊலாங்கை மதிப்பிடுவது என்பது, குலுக்கலும் சூடும் சரியான இடத்தில் நின்றனவா என்று கோப்பையிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிப்பதுதான்.

சீனத் தேசியத் தரமுறை அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. 110 மில்லி கொள்ளும் மூடிபோட்ட வெண்பீங்கான் கோப்பையில் 5 கிராம் இலை. அதில் கொதிநீர் ஊற்றி முதலில் 2 நிமிடம், அடுத்து 3, கடைசியாக 5 நிமிடம் ஊறவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மூடியின் உட்புறத்தை முகர்கிறார்கள். முதல் ஊறலில் தீய்ந்த வாடை, பூசண வாடை போன்ற குறைகள் தெரியும். இரண்டாவதில் மணத்தின் இயல்பு விளங்கும். மூன்றாவதில் அது எவ்வளவு நிலைக்கிறது என்பது புலப்படும். 100 புள்ளிகளில் சுவைக்கு 35, மணத்துக்கு 30, உலர்ந்த இலையின் தோற்றத்துக்கு 20, ஊறிய இலைக்கு 10. தேநீரின் நிறத்துக்கு வெறும் 5. இதில் நியாயம் உண்டு. லேசாகப் பக்குவப்படுத்திய, ஆன்சி வட்டாரத்தின் தியேகுவான்யின் என்ற ஊலாங் வகை பசும்பொன் நிறத்தில் இறங்கும். கரிச்சூட்டில் வாட்டிய வூயி மலை ஊலாங் ஆரஞ்சு நிறம் தரும். எது உயர்ந்தது என்பதை நிறம் சொல்லாது.

சில நொடிகளே ஊறவைத்துக் குடிக்கும் தேயிலையை 5 நிமிடம் ஊறவைத்தால் கசக்காதா என்று கேட்கலாம். கசக்கட்டும் என்பதே நோக்கம். குறுகிய ஊறலில் வறுத்த மணத்துக்குள் ஒளிந்துகொள்ளும் குறைகள் நீண்ட ஊறலில் வெளிப்பட்டுவிடும். நல்ல இலையிலோ கசப்பு விலகித் தொண்டையில் இனிப்பு ஊறும். சுவை ஆளுக்கு ஆள் மாறுமே என்பது இன்னும் வலுவான கேள்வி. விருப்பம் மாறும்தான், ஆனால் குறைக்குக் காரணம் உண்டு, காரணத்தைச் சரிபார்க்கலாம். பச்சை வாடையும் முரட்டுத் துவர்ப்பும் சேர்ந்து வந்தால் குலுக்கல் போதவில்லையோ என்ற சந்தேகம் எழும். உடனே ஊறிய இலையை விரித்து விளிம்பு சிவந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த விளிம்பையும் அப்படியே நம்பிவிட முடியாது: இன்றைய தியேகுவான்யின் சிலவற்றில் சிவந்த ஓரத்தைத் தட்டி உதிர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் நாக்கு, மூக்கு, கண் மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கிடைக்கும் புள்ளி செய்நேர்த்தியை அளக்கிறது. எந்த ஊலாங் பிடிக்கும் என்பதைக் குடிப்பவரே முடிவுசெய்துகொள்ளலாம்.