துணைக்குப் போகிறவருக்கு யார் துணை?

இரவு பதினோரு மணிக்கு போன் வரும். ‘காலனிப் பையனை வெட்டிட்டாங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க’ என்று யாரோ ஒருவர் பதற்றத்தோடு சொல்வார். நாங்கள் உடனே எங்கள் களப்பணியாளரைக் கூப்பிடுவோம். ‘கொஞ்சம் போய்ப் பாரும்மா.’ அந்தத் தங்கை தம்பியை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்லிக் கிளம்பிவிடுவார். தலித் மக்களின் உரிமைக்காக வேலை செய்கிற எந்த அமைப்பிலும் இதுதான் நடைமுறை. போகச் சொல்கிற இடத்தில் இருக்கும் நாங்கள், போய்த் திரும்பியவரைப் பற்றி யோசித்ததில்லை. இந்த வாரம் அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போனவர் மூன்று நாள் வீடு திரும்பவில்லை. குற்றவாளிகளைக் கைது செய்யும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் பிணவறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். இறந்த பையனின் தாயை மடியில் சாய்த்துக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தார். முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவுகள் சேர வேண்டும் என்று போலீசாரிடம் வாதாடியவரும் அவர்தான். மூன்றாம் நாள் மாலை அடக்கம் முடிந்தது. நான்காம் நாள் காலை எங்கள் மாதாந்திரக் கூட்டம். அறிக்கை நகல், புகைப்படங்கள், சாட்சிகள் பட்டியல் என்று கோப்பை ஒழுங்காகக் கொண்டுவந்து வைத்தார். கோப்பைப் பாராட்டினோம். அடுத்து எப்போது ஊருக்குப் போகிறாய் என்று கேட்டோம். தூங்கினாயா என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ‘உடல்நிலை காரணமாக’ என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. இப்போது அவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். பேருந்து நிலையத்தில் பார்த்தபோது சொன்னார்: ‘நாள் பூரா நிக்கிறதுல கால் வலிக்குது தோழர். ஆனா ராத்திரி தூக்கம் வருது.’

எங்கள் களப்பணியாளர்கள் வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. அவர்களும் சேரியில் பிறந்தவர்கள். வெட்டுப்பட்டுக் கிடக்கிறவன் சொந்தத் தம்பியின் சாடையில் இருப்பான். எரிந்த வீடு தன் வீட்டைப் போலவே இருக்கும். விசாரித்து முடித்து அதே பேருந்தில், அதே ஊர்த்தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இவர் யார் வீட்டுப் பெண் என்பது எதிர்த் தரப்புக்குத் தெரியும். வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும். சாட்சி பிறழ்ந்தாலும், குடும்பம் சமரசத்துக்குப் போனாலும், தன் வேலையில்தான் குறை என்று அவர் மனதுக்குள் புழுங்குவார்.

சட்டம் இதில் எதுவரை வருகிறது என்று பார்ப்போம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. அதன் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 11-ஆவது விதி, விசாரணைக்கு வரும் பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சி ஆகியோருக்குப் பயணப்படியும் தினப்படியும் தரச் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின் 15-ஏ பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. நல்ல பிரிவு. போராடிப் பெற்ற பிரிவு. ஆனால் அந்தச் சமூகப் பணியாளரை யார் கவனிப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அது அமைப்பின் தலைமைக்குரிய கடமை. நாங்கள் தவறியது அந்த இடத்தில்தான்.

‘நிதி எங்கே இருக்கிறது?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதையும் தடை செய்தது. பெரிய நிறுவனங்களை நம்பியிருந்த கிராமத்து அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. ஆனால் ஒரு நாள் விடுப்புக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் காதுக்கும் எந்த உச்சவரம்பும் கிடையாது.

‘சமுதாயத்துக்காகத்தானே செய்கிறோம்’ என்ற ஒரு சொல்லை வைத்தே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைப் பறித்திருக்கிறோம். பண்ணையில் நேரம் காலம் இல்லாமல் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் அலுவலகத்திலும் அதே நேரம் காலம் இல்லாத வேலை என்றால் என்ன நியாயம்? சுவரில் அண்ணலின் படம் இருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அவர். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 மணி நேரமாகக் குறைக்கும் மசோதாவை 1946-இல் கொண்டுவந்தவரும் அவரே. ஓய்வை அவர் சலுகையாக நினைக்கவில்லை, உரிமையாக்கினார்.

அந்தத் தங்கை போன பிறகு நாங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். சம்பவ இடத்துக்கு இனி ஒருவர் தனியாகப் போவதில்லை, இருவராகத்தான் போகிறோம். பிணவறைக்குப் போய் வந்தவருக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு. அறிக்கை அதற்குப் பிறகுதான். கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் கோப்புகளைத் திறப்பதில்லை. பார்த்ததை, பயந்ததைப் பேசலாம், அழுதாலும் தவறில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். ‘பைத்தியமா எனக்கு?’ என்ற கூச்சம் போக, பொறுப்பில் இருக்கும் நாங்களே முதலில் போனோம்.

தலைமையின் மீதே புகார் இருந்தால் என்ன செய்வது? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலும், புகார் முதலாளியின் மீதே என்றாலும், பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் பெண்கள் போகலாம். நம் அமைப்புகள் பெரும்பாலும் நான்கைந்து பேர் கொண்டவை. அந்தக் குழுவின் விவரத்தை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டத் தயங்கும் தலைமை தன்னைத்தானே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

‘இப்படி விடுப்பு கொடுத்தால் மக்களுக்கு யார் போவது?’ என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அந்த வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் நாங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தோம். புதிதாக வந்த களப்பணியாளரும் உடன் இருந்தார். மகனை இழந்த அந்தத் தாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘அந்தப் பொண்ணு வரலையா?’ அன்று சாட்சிக் கூண்டில் ஏறும் வரை அவர் யாரிடமும் பேசவில்லை. ஒரு பணியாளரை இழக்கும்போது அவர் சேர்த்து வைத்த நம்பிக்கையையும் இழக்கிறோம். அந்த இழப்பு முதலில் போய் விழுவது பாதிக்கப்பட்டவர் தலையில்தான்.

வரும் ஏப்ரல் 14 அன்று படத்துக்கு மாலை போடுவதற்கு முன், வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டுவோம். நம்மோடு வேலை செய்கிறவர்கள் கடந்த ஓராண்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். மாலையை அதற்குப் பிறகு போடலாம்.