ஹ்யூம் துரையும் இமயக் காடையும்

ஏ. ஓ. ஹ்யூம் என்றதும் நம் வாசகர்களுக்கு 1885-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபையே நினைவுக்கு வரும். இந்நாட்டுப் பக்ஷி சாஸ்திரத்துக்கும் அவரே தந்தை போன்றவர் என்பதைப் பலர் அறியார். ஸிம்லாவில் அவருடைய மாளிகை பக்ஷிகளின் காட்சிசாலையாகவே விளங்கிற்று. பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத சமயம் வேலையாள் ஒருவன் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டான். மனம் முறிந்த ஹ்யூம், தோல்களும் முட்டைகளுமாக 80,000-க்கு மேற்பட்ட தமது சேகரிப்பை, அதே 1885-ஆம் வருஷம் லண்டன் பொருட்காட்சிசாலைக்கு ஈந்துவிட்டார். நம் மலைப் பக்ஷிகளை ஆராய விரும்புவோர் கடல் கடக்க நேர்ந்ததற்குப் பொட்டலம் கட்டும் கடைக்காரரும் ஒரு காரணம் போலும்!

அவர் காலத்திலேயே மறைந்த பக்ஷி ஒன்று உண்டு. அதுவே இமயக் காடை. மஸூரியிலும் நைனிதாலிலும் செங்குத்தான சரிவுகளில், ஆள் மறையும் புல்லில் அது வாழ்ந்தது. காலில் மிதிபடும் வரையில் பறவாது. பறந்தாலும் சிறிது தூரத்தில் மீண்டும் புல்லில் புகுந்துவிடும். வேட்டை நாய்கள் இல்லாமல் அதைக் கிளப்புவது அரிது. 1876-ல் நைனிதாலுக்கு அருகே ஒன்று சுடப்பட்டது. அதன்பின் ஐயமற அதைக் கண்டவர் எவருமில்லை. உலகத்துக் காட்சிசாலைகள் அனைத்திலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டஜன் தோல்களே எஞ்சியிருக்கின்றன. வேட்டையா, புல்வெளி அழிவா, அழிவின் காரணம் இன்னதென்று எவரும் நிரூபித்தாரில்லை. ஆயினும் சாஸ்திரிகள் அதை மாண்டதென்று எழுதாமல், மிக ஆபத்திலுள்ள இனம் என்றே வைத்திருக்கிறார்கள்.

இது வீண் ஆசையென்று சிலர் நகைக்கலாம். 1873-ல் ஹ்யூம் வர்ணித்த காட்டு ஆந்தை 1884-க்குப் பின் காணப்படவேயில்லை. 113 வருஷங்கள் கழித்து, 1997-ல், ஸாத்பூரா மலையடிவாரத்தில் அது பட்டப்பகலில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது! இடைக்காலத்தில் தேடியவர்கள் பொய்யான குறிப்புகளை நம்பித் தவறான இடங்களில் தேடினார்கள் என்பதும் பின்னரே வெளியாயிற்று.

இமயக் காடை வாழ்ந்தது போன்ற புற்சரிவுகளில் சீர் என்னும் நீண்ட வால் காட்டுக்கோழி இன்றும் அருகி வாழ்கிறது. அதுவும் ஆபத்திலிருக்கும் இனமே. அச்சரிவுகளை நன்கறிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களும் புல் அறுக்கும் மலைநாட்டு ஸ்திரீகளுமே. பக்ஷி பார்க்கச் செல்லும் நம் இளைஞர்கள் தூரதர்சினியோடு அவர்கள் வாசலுக்கும் சென்று, சிவந்த அலகும் வெள்ளை நெற்றியும் உடைய கருஞ்சாம்பல் காடை எதையேனும் கண்டதுண்டா என்று விசாரிப்பார்களாக.